குழியை மூடுவதற்கு முன்: ரசாயன ஆலை நிலமும் மக்கள் குழுவும்

கேள்வி இது: "பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு ரசாயன ஆலையின் நிலத்தைத் தூய்மைப்படுத்தப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அருகில் வசிப்பவர்களைக் கொண்டு ஒரு கண்காணிப்புக் குழு அமைப்பார்களாம். என்னையும் சேரச் சொல்கிறார்கள். எனக்கு வேதியியல் தெரியாது. இப்படிப்பட்ட குழுவால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா, அல்லது கையெழுத்து வாங்குவதற்காகத்தான் கூப்பிடுகிறார்களா?"

சேருங்கள். ஆனால் எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மண்ணில் எவ்வளவு நஞ்சு மிஞ்சலாம் என்ற அளவும் முடிவாகி, சுத்தம் செய்யும் முறையும் முடிவாகி, ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது என்றால், அதன்பின் அமைக்கப்படும் குழுவுக்கு மிஞ்சுவது தூசி, சத்தம், லாரி வரும் நேரம் பற்றிய புகார்கள்தாம். நான் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட நிலங்களில் மண்ணும் நீரும் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். பிறகு இரண்டு மக்கள் குழுக்களுக்கு ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். முதல் குழு அளவு முடிவாவதற்கு முன் அமைந்தது. இரண்டாவது, பின்னால் அமைந்தது. இரண்டிலும் ஆட்கள் சமமான அக்கறை உள்ளவர்கள்தாம். முதல் குழு சொன்னது திட்டத்தில் ஏறியது. இரண்டாவது குழு சொன்னது கூட்டக் குறிப்பேட்டோடு நின்றுவிட்டது.

எனவே முதலில் அந்த அளவைப் பற்றிப் பேசலாம். 'சுத்தம்' என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் தனிப் பொருள் எதுவும் இல்லை. ஒரு கிலோ மண்ணில் இன்ன நஞ்சு இத்தனை மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் போதும் என்று ஓர் எண்ணை நிர்ணயிக்கிறார்கள். அதற்கு மேல் உள்ள மண்ணைத் தோண்டுவார்கள், கழுவுவார்கள் அல்லது சூடாக்கிப் பிரிப்பார்கள். கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடுவார்கள். செலவு, காலம், தோண்டும் ஆழம், வெட்டப்படும் மரங்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

கொடைக்கானல் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்து பெயர்த்துக்கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை 1980களின் முற்பகுதியில் அங்கே வந்தது. பின்னால் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணில் ஊறியது அங்கேயே இருந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சண்டை முழுவதும் ஒரே எண்ணைச் சுற்றித்தான்: கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் இருக்கலாம் என்றது திட்டம். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு வழிகாட்டியாக இருந்த 1 மில்லிகிராம்தான் இங்கும் வேண்டும் என்றார்கள் போராடியவர்கள். கடுமையான அளவுக்காகத் தோண்டினால் சரிவில் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டிவரும், மழையில் மண் அரித்து பாம்பார் சோலைக்குள் இறங்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். செங்குத்தான சரிவில் அது உண்மையான ஆபத்து. ஆனால் அதை எடைபோட வேண்டியவர்கள், அந்தச் சோலைக்குக் கீழே தண்ணீர் எடுப்பவர்களும் சேர்ந்துதான்.

அந்த எண் எப்படி வருகிறது என்று கேளுங்கள். இதற்கு வேதியியல் பட்டம் வேண்டாம். நிலத்தை யார், எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற அனுமானத்தில் இருந்துதான் கணக்கு தொடங்குகிறது. வீடுகள் வரும் என்றால், தரையில் விளையாடும் குழந்தையின் வாய்க்குள் நாளொன்றுக்கு எவ்வளவு மண் போகும் என்று பார்க்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குகளில் நெடுங்காலம் வழங்கிய அனுமானம் 200 மில்லிகிராம்; ஒரு சிட்டிகைக்கும் குறைவு. தொழிற்சாலை நிலம் என்று எழுதிக்கொண்டால், எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பெரியவர் ஒருவரை வைத்து, ஆண்டுக்கு 250 நாள் என்று கணக்குப் போடுவார்கள். குழந்தை கணக்கில் இருந்தே மறைந்துபோகும். அனுமதிக்கப்பட்ட அளவு பல மடங்கு ஏறிவிடும். ஆகவே "இந்த நிலம் இருபது ஆண்டுக்குப் பிறகு என்னவாக இருக்கும்?" என்பதுதான் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி. வேலியோரத்தில் மாடு மேய்கிறதா, பிள்ளைகள் பந்து விளையாடக் குறுக்கே நுழைகிறார்களா, யாராவது கீரை பறிக்கிறார்களா என்பது ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுங்கள்.

அடுத்து மாதிரி எடுப்பது. இதில்தான் நான் அதிகம் பார்த்தவன், ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

துளைக்கருவி தரைக்குள் இறங்கி, ஒரு மீட்டர் நீளக் குழாய் நிறைய மண்ணோடு மேலே வரும். குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து ஒரு தட்டில் கிடத்துவார்கள். மேலே செம்மண், நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கருத்த பட்டை, அதற்குக் கீழே மீண்டும் வெளிர் மண். அந்தக் கருத்த பட்டைதான் செய்தி. அதில் இருந்து மட்டும் ஒரு கரண்டி எடுத்துப் புட்டியில் அடைக்கலாம். அல்லது குழாய் மண் முழுவதையும் கிண்ணத்தில் கொட்டிக் கலந்து அதில் இருந்து ஒரு கரண்டி எடுக்கலாம். இரண்டும் 'மண் மாதிரி' என்றுதான் அறிக்கையில் வரும். ஓர் இடத்தில் 200 மில்லிகிராமும் மற்ற ஒன்பது இடங்களில் 1 மில்லிகிராமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் ஒன்றாகக் கலந்தால் விடை ஏறத்தாழ 21. ஆபத்தான இடம் காகிதத்தில் காணாமல் போய்விடும். கலவை மாதிரிக்கும் அதற்குரிய பயன் உண்டு, ஒரு பெரிய பரப்பின் சராசரியை அறிய அது தேவை. ஆனால் நஞ்சு எங்கே குவிந்திருக்கிறது என்று தேடும் கட்டத்தில் கலந்து எடுப்பதைக் கண்டால் அங்கேயே கையை உயர்த்துங்கள்.

புட்டியின் மூடியையும் பாருங்கள். கரைப்பான்கள், அதாவது பிற பொருள்களைக் கரைக்க ஆலைகளில் பயன்படுத்தும் திரவங்கள், ஆவியாகக்கூடியவை. புட்டியைக் கழுத்துவரை நிரப்பாமல் பாதி இடத்தைக் காலியாக விட்டாலும், பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காமல் வண்டியின் பின்னால் வெயிலில் போட்டுவைத்தாலும், ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது நஞ்சில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்ததைத்தான் அளந்தது. ஒரு நிலத்தில் மதியம் முழுவதும் புட்டிகள் தார்ப்பாய்மேல் வெயிலில் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்களோடு வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, எந்தப் புட்டி எத்தனை மணிக்கு நிரப்பப்பட்டது, எத்தனை மணிக்குப் பெட்டிக்குள் போனது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு பக்கக் குறிப்பால் அன்றைய மாதிரிகள் அத்தனையும் தள்ளுபடியாகி மறுபடியும் எடுக்கப்பட்டன. அவருக்கும் வேதியியல் தெரியாது.

கூடவே, மாதிரியில் பாதியைக் கேளுங்கள். அதே குழாயின் மண்ணை இரண்டு புட்டிகளில் அடைத்து, ஒன்றை அவர்கள் ஆய்வகத்துக்கும் மற்றொன்றைக் குழு தேர்ந்தெடுத்த ஆய்வகத்துக்கும் அனுப்புவது. எல்லா மாதிரியிலும் இதைச் செய்யப் பணம் போதாது. பத்தில் ஒன்றுக்குச் செய்தாலும் போதும். எந்தப் பத்தில் ஒன்று என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அறிக்கை வந்ததும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல் பக்கம் பக்கமாக இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன், அந்தக் கருவியால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அனுமதி அளவு 1 ஆக இருந்து, கருவி 5-க்குக் கீழே பார்க்க முடியாது என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை. நிலத்தடி நீரிலும் இதே போன்ற மறைவிடங்கள் உண்டு. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நீர்மட்டத்தில் மிதக்காமல் கீழே இறங்கி, களிமண் அல்லது பாறை தடுக்கும் இடத்தில் போய்த் தேங்கும். சோதனைக்காக மேலாகப் போட்ட கிணற்றில் எடுத்த தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். கிணறு எந்த ஆழத்தில் தண்ணீரை உள்ளே வாங்குகிறது, வறண்ட காலத்திலும் மழைக்குப் பிறகும் சோதித்தார்களா என்ற இரண்டையும் கேட்டால், பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி விடை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டத்தை விட்டுவிடாதீர்கள். தோண்டி முடித்ததும் குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவர்களிலும் மாதிரி எடுத்து, நஞ்சு எல்லை முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதன் முடிவு வந்த பிறகே நல்ல மண் கொட்டி மூட வேண்டும். முடிவு வரச் சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் இயந்திரங்கள் சும்மா நிற்கும். ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. அதனால் முதலில் மூடிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அவசரம் எப்போதும் இருக்கும். குழுவின் பிரதிநிதி முடிவைப் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்தக் குழியும் மூடப்படக் கூடாது என்ற ஒரு வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வேறு எதையும் பேரம் பேசி விட்டுக்கொடுங்கள், இதை விடாதீர்கள். மூடிய குழியை மறுபடி தோண்டச் சொல்லி ஜெயித்த குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேதியியல் தெரியாது என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கெனால் என்ற பாதி தோண்டிய பழைய கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. பிறகு அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தது. அதன்மேல் பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் வந்தன. 1978-இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று எழுதினார். முதியவர்களிடம் கேட்டு, தூர்ந்துபோன பழைய நீரோடைகள் எந்த வழியே போயின என்று வரைபடத்தில் குறித்தார்கள். நோயுள்ள வீடுகள் அந்த ஓடைத் தடங்களை ஒட்டியே வரிசையாக நின்றன. இல்லத்தரசிகள் சேர்த்த பயனற்ற விவரம் என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். ஆனால் 1979 பிப்ரவரியில், கால்வாயில் இருந்து தள்ளியிருந்த வெளிவட்டத் தெருக்களில் இருந்து கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் விலகிச் செல்லும்படி மாநிலச் சுகாதாரத் துறையே அறிவிக்க நேர்ந்தது. மாசடைந்த நிலங்களைச் சுத்தம் செய்ய அமெரிக்கா 1980 டிசம்பரில் கொண்டுவந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் பின்னால் இந்த ஊரின் கதை இருக்கிறது. 1986-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, மக்கள் குழு தனக்கென ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை நிதி பெறலாம் என்று சேர்த்தார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். குழுவுக்குச் சொந்த நிபுணர் வேண்டும். அவருக்கான சம்பளம் திட்டச் செலவில் இருந்து வர வேண்டும். ஆனால் அவரை நியமிப்பதும் நீக்குவதும் குழுவின் கையில் இருக்க வேண்டும். முந்நூறு பக்க அறிக்கையைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்து "கருத்து சொல்லுங்கள்" என்பார்கள். அதில் எந்தப் பத்துப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் குழு தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்.

இன்னொரு நிபுணர் கூட்டம் உங்கள் தெருவிலேயே இருக்கும்: அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். எந்தப் பீப்பாய் எந்தச் சுவரோரம் புதைக்கப்பட்டது, இரவுப் பணியில் எந்த வடிகாலில் என்ன ஊற்றப்பட்டது, பழைய கழிவுக்குட்டை எங்கே இருந்தது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர்கள் நினைவில் இருக்கும். பலர் பேசத் தயங்குவார்கள். தாமும் அதில் பங்காளி என்ற குற்ற உணர்வு ஒருபக்கம், ஓய்வூதியமோ நஷ்டஈடோ பாதிக்கப்படும் என்ற பயம் மறுபக்கம். பெயர் வெளியே வராது என்று உறுதி கொடுத்து, நிலத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, ஒரு பென்சிலைக் கையில் கொடுங்கள். துளையிடும் இடங்களைத் தீர்மானிப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, யார் யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் மாப்புவா என்ற சிறிய ஊரில் 1932 முதல் 1988 வரை பூச்சிக்கொல்லி தயாரித்த ஆலை நிலத்தை 2004 முதல் 2007 வரை சுத்தம் செய்தார்கள். நடுவில் ஒப்பந்த நிறுவனம் விலகிக்கொள்ள, சுற்றுச்சூழல் அமைச்சகமே அனுமதிகளைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. கண்காணிக்க வேண்டிய தரப்பே வேலையைச் செய்யும் தரப்பாகவும் ஆயிற்று. பின்னால் 2008-இல் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் விசாரித்து எழுதிய அறிக்கை, சுத்திகரிப்பில் செம்பு கலந்த பொருளைச் சேர்த்ததையும் புகையில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு வெளியேறியிருக்கக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்டியது. அந்த நிலத்துக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள்தாம் அவர்கள். ஆயினும் தன் வேலையைத் தானே சரிபார்ப்பவருக்குத் தவறு கண்ணில் படாது.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2003 அக்டோபரில் அபாயகரமான கழிவுகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. ஆலைகள் தாம் கையாளும் அபாயப் பொருள்களின் விவரத்தை வாசலிலேயே உள்ளூர் மொழியிலும் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருந்தது. அந்தக் குழு கேரளத்தில் பெரியாற்றங்கரையில் உள்ள ஏலூர், எடையார் தொழிற்பேட்டைக்கு 2004-இல் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழு ஒன்றை ஏற்படுத்தியது. ஊர்க்காரர்கள் அதில் உறுப்பினர்களாக இருந்தார்கள். ஆலைகளுக்குள் போய்த் தணிக்கை செய்தார்கள். ஆணையிட்ட நீதிமன்றம் பின்னால் நின்றவரை அந்தக் குழுவின் சொல்லுக்கு எடை இருந்தது. ஆகவே உங்கள் குழு எந்த ஆணையின் கீழ் அமைகிறது, அதன் பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கடமை யாருக்கு உண்டு என்பதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகளையே அறிவித்துவிட்டது. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் அதன் நகலை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

தூசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேலியோரம் உடனுக்குடன் அளவு காட்டும் கருவி, இன்ன அளவைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும் என்ற முன்கூட்டிய முடிவு, வாசலில் லாரிச் சக்கரம் கழுவும் தொட்டி. இந்த மூன்றும் போதும். வாசனை வந்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை நோட்டில் குறித்துவையுங்கள். கடலூர் சிப்காட் கிராமங்களில் இளைஞர்கள் வெறும் பிளாஸ்டிக் வாளியும் காற்றுப் பையும் கொண்டு மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் வெறும் 'நாற்றம்' என்று இருந்த புகார் ரசாயனப் பெயர்களோடு மேசைக்கு வந்தது.

தோண்டிய மண் எங்கே போகிறது? உங்கள் ஊரை விட்டுப் போனால் சரி என்று இருந்துவிடாதீர்கள். போபால் ஆலையில் 1984 விபத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், 337 டன் கழிவை அங்கிருந்து எடுத்து, கழிவை எரிக்கும் ஆலை உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். இருவர் தீக்குளிக்க முயன்றார்கள். சோதனை எரிப்புகளுக்குப் பிறகு ஜூன் மாத இறுதியில் எல்லாம் எரித்து முடிக்கப்பட்டது. எரித்ததில் மிஞ்சிய சாம்பலும் கழிவும் எடையில் எரித்ததைவிட அதிகம், ஏனெனில் எரிக்கும்போது சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அதற்கும் ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. போபாலில் மண்ணுக்குள் கிடப்பதோ வேறு கணக்கு: 2010-இல் அரசு ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்ட மாசடைந்த மண் சுமார் 11 லட்சம் டன். பீதம்பூர் மக்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் கழிவு போகும் ஊரில் இருந்து இரண்டு பேரை உங்கள் குழுவில் உட்காரவையுங்கள். லாரி கிளம்பும் முன்பே அவர்கள் கேள்விகளுக்கும் பதில் கிடைக்கட்டும்.

கடைசியாக, எவ்வளவு காலம். திட்டத்தில் பதினெட்டு மாதம் என்று போட்டிருக்கும். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் இடங்களில், பம்ப்பை நிறுத்திய சில மாதங்களில் நஞ்சின் அளவு மெல்ல மறுபடி ஏறுவது சாதாரணம். களிமண்ணுக்குள் ஒளிந்திருந்தது கசிந்து வருகிறது. வேலை முடிந்தது என்ற விழா நடக்கும்போது அது தெரியாது. எதையாவது மண்ணுக்குள் மூடிவைத்திருந்தால், அது இருக்கும்வரை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூப்பர்ஃபண்ட் சட்டத்தில் இப்படிப்பட்ட இடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. லவ் கெனால் 2004-இல் அபாயப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த மூடிக்குக் கீழிருந்து கசியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் வேலை அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

ஆகவே கிணற்றுச் சோதனைக்கான பணம் இப்போதே தனியாக ஒதுக்கப்பட்டு, நிறுவனம் கைமாறினாலும் தொடமுடியாத கணக்கில் இருக்க வேண்டும். நிலப் பத்திரத்தில் கீழே என்ன இருக்கிறது என்று எழுதப்பட வேண்டும். உங்களைச் சேரச் சொன்னார்கள் அல்லவா, போகும்போது இருபது வயதுள்ள இருவரையும் கூட அழைத்துப் போங்கள். எந்தக் கிணறு எங்கே இருக்கிறது, எந்தக் குழி எத்தனை மீட்டர் வரை தோண்டப்பட்டது என்று அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். நீங்களும் நானும் இல்லாத காலத்தில் அந்தக் கிணற்றின் மூடியைத் திறக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.